பூரணி ஏன் தண்ணீர் குடிக்கவில்லை

"பிள்ளை வேணுமா, வேண்டாமா?" என்று டொக்டர் பூரணியைக் கேட்டார். பட்டணத்துக் கிளினிக்கில் வாங்குப் பலகை நிறைய வயிற்றுக்காரிகள் உட்கார்ந்திருக்க, அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் கேட்டார்.

பூரணி என் தம்பி இராசதுரையின் மனைவி. எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது நடந்துகொண்டிருந்தது. உடம்பு அடுப்பு மாதிரிக் கொதித்தது. மூத்திரம் சோதித்த தாளை மேசையில் தட்டித் தட்டி டொக்டர் ஏசினார். "சலத்தில கிருமி. தண்ணியே குடிக்கிறதில்லைப் போல. இப்பிடியே விட்டால் நாள் வர முதலே வலி வரும். பிள்ளையைச் சுத்தியிருக்கிற தண்ணியும் குறைஞ்சு போகும். போன பிள்ளையும் தங்கேல்லை. இதையும் இழக்கப் போறீங்களோ?"

பூரணி குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு வாய் சும்மா கிடக்காது. "தண்ணி குடிச்சால் எங்க டொக்டர் போறது? வாற வழியில ஆமிச் சென்றியில மறிச்சு வைச்சிருக்கிறாங்கள்" என்றேன்.

"பஸ் ஏற முதல் போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ் ஏற முதலாம்! பிள்ளையின் தலை மூத்திரப்பையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அது பஸ் நேரம் பார்த்தா வரும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவரை மட்டும் ஏசி என்ன பயன்? அவர் பட்டணத்தில் இருப்பவர். ஏசவேண்டியவர்கள் வழி நெடுக இருந்தார்கள்.

பூரணி கட்டைபறிச்சானில் பிறந்து, தம்பலகாமத்தில் எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கூட்டுறவுச் சங்கக்கடையில் மாவும் சீனியும் நிறுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தாள். தராசில் வலு கறார். ஆனால் வாய் என்ற ஒன்று அவளுக்குக் கிடையவே கிடையாது. வெட்கமென்றால் அப்படியொரு வெட்கம். நான் சொந்த மச்சாள், என்னிடம்கூட "ஒண்டுக்குப் போகவேணும்" என்று சொன்னவளில்லை. "பின்னுக்குப் போயிட்டு வாறன்" என்பதோடு சரி.

அந்த மாதம் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டு காலும் வீங்கிப் போய்த் தன் செருப்புக்குள் நுழையாமல், புருஷனின் செருப்பை மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தாள். படுத்தால் நெஞ்செரிவு, மூச்சு முட்டல். கதிரையில் சாய்ந்தபடிதான் நித்திரை. இடுப்பு கழன்று விழுகிறது என்பாள். பிள்ளை சற்று நேரம் அசையாவிட்டால் போதும், முகம் வெளிறிவிடும். அடுப்பில் கறி கருகினாலும் குசினிக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முந்தின வருடம் சண்டைக்குப் பயந்து ஓடிய ஓட்டத்தில் ஆறாம் மாதத்தில் ஒன்று கலைந்து போனது. அந்தப் பயம் அவளை விடவில்லை. சோறு குழைந்தால் அழுவாள். தம்பி பேசாமலிருந்தால் அழுவாள், பேசினால் அதற்கும் அழுவாள். "உனக்கென்னடி விசரோ?" என்று நான் ஏசுவேன். பிறகு நானும் கூட இருந்து அழுவேன்.

முதல் பிள்ளை தங்கவில்லை என்பதால் கடைசி மாதத்தில் கிழமைக்கொரு தரம் பட்டணத்துக்கு வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். தம்பி கூட வரமுடியாது. இளம் ஆண்பிள்ளைகள் அந்த ரோட்டால் போனால் திரும்பி வருவார்களா என்பது அந்த நாளில் நிச்சயமில்லை. எனவே நான் போனேன்.

கண்டி ரோட்டில் அந்தச் சோதனைச் சாவடி. ஆமிக்காரன் பஸ்ஸில் தட்டி "பஹின்ன, பஹின்ன" என்றால் எல்லோரும் இறங்க வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அடையாள அட்டை, பொதி, பிறகு ஓலைக் கொட்டிலுக்குள் உடம்புச் சோதனை. பெண் சிப்பாய் ஒருத்தி பூரணியின் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்ப்பாள். "உள்ளுக்குக் கிடக்கிறது பிள்ளைதான், எடுத்துக் காட்டவோ?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டேன். நல்ல காலம், அவளுக்குத் தமிழ் தெரியாது.

இராணுவ வாகனத் தொடர் போகிற நாளென்றால் மணிக்கணக்கில் நிற்கவேண்டும். ஒரு முழ நிழல் கிடையாது. இரு பக்கமும் பற்றைகளை வெட்டி மொட்டை வெளியாக்கியிருந்தார்கள். ரோட்டை விட்டு இறங்கினால் கண்ணிவெடி என்று மண்டையோடு கீறிய பலகை. ஆமிக்காரரின் கக்கூஸ் மண்மூட்டைகளுக்குப் பின்னால். அந்தப் பக்கம் எங்களை விடமாட்டார்கள். ஆண்களுக்கென்ன கவலை? ரோட்டோரம் முதுகைக் காட்டி நின்று அலுவலை முடித்துவிட்டு வருவார்கள். பெண்பிறவி மட்டும் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

முதல் தரம் போனபோது பூரணியால் அடக்க முடியவில்லை. என்னிடம்கூட அவள் சொல்லவில்லை. மீண்டும் பஸ் ஏறியதும் ஒரு மனிதர் எழுந்து இடம் கொடுத்தார். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பட்டணம்வரை அந்த வீங்கின காலோடு நின்றுகொண்டே வந்தாள். கிளினிக் வாங்கிலும் உட்காரவில்லை. பின்னேரம் கிணற்றடியில் சீலையை ஒளித்து ஒளித்து அலசும்போதுதான் எனக்கு விளங்கியது. அடுத்த கிழமையிலிருந்து, போகிற நாளுக்கு முதல் நாளே தண்ணீரை நிறுத்திவிட்டாள். அந்தக் காய்ச்சலும் அந்த ஏச்சும் அதனால் வந்தவைதான்.

கிளினிக்கில் மருந்து தந்து, அடுத்த கிழமையும் இப்படி வந்தால் வயிற்றில் கத்தி வைக்கவேண்டி வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் நேரே அருளம்பலம் மாஸ்டரிடம் போனேன். எங்கள் பகுதிப் பிரஜைகள் குழுவின் தலைவர் அவர்தான். மாதத்துக்கு ஒருமுறை ஆமி முகாம் பெரியவனைச் சந்தித்துச் சனங்களின் குறைகளைச் சொல்லுகிறவர். நான் விசயத்தைச் சொன்னதும், குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"பாக்கியம், விறகுக்குப் போற பாஸ், வயலுக்குப் போற நேரம், பிடிபட்ட பொடியங்கள் எண்டு எவ்வளவு கதைக்கக் கிடக்கு. உதுக்குள்ள பொம்பிளையள் ஒண்டுக்குப் போற கதையை எடுக்கேலுமே? சபை மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லே."

"பிள்ளை செத்துப் பிறந்தால் அதையெண்டாலும் சபையில கதைப்பியளோ மாஸ்டர்?"

"உனக்கு வாய் கூடிப்போச்சு" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

கோதாரி விழுந்த மரியாதை! ஆமிக்காரன் எங்களை மறித்தான், அவனுக்கு நாங்கள் யாரோ எவரோ. இந்த மனிதர் பூரணியின் கலியாணத்தில் முதல் பந்தியில் இருந்து சாப்பிட்டவர். அவருக்கும் ஒரு பெண்சாதி, இரண்டு பெண்பிள்ளைகள். அவர்களும் அந்த ரோட்டால்தான் பட்டணம் போய் வருகிறார்கள். அவர்களை ஒருநாளாவது கேட்டிருப்பாரா?

அடுத்த தரம் புறப்படும்போது ஒரு போத்தல் தண்ணீரைப் பூரணியின் கையில் திணித்தேன். "குடி."

"ஏலாது மச்சாள். அங்க வைச்சு..."

"அங்க வாறதை அங்க பாப்பம். உனக்குப் பிள்ளை வேணுமெல்லே? குடி."

அழுதுகொண்டே குடித்தாள்.

எங்கள் கெட்ட காலம், அன்றைக்கு வாகனத் தொடர். இறக்கி வரிசையில் விட்டார்கள். ஆண்கள் வரிசையில் அருளம்பலம் மாஸ்டரும் நின்றார், கச்சேரியில் ஏதோ அரசாங்க அலுவலாம். வெயில் ஏறியது. லொறிகள் வந்துகொண்டே இருந்தன. பூரணி ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். உதட்டைக் கடித்தாள். கடைசியில் என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

"மச்சாள், இனி ஏலாது."

நான் ஆமிக்காரனிடம் ஓடினேன். அவள் வயிற்றைக் காட்டினேன், அவர்களின் கக்கூஸைக் காட்டினேன், கையெடுத்துக் கும்பிட்டேன். ஈ விரட்டுவதுபோலக் கையை விசுக்கினான்.

எங்களுக்கு முன்னால் நின்றவள் கிண்ணியாக்காரி ஸுல்பிகா. தைத்த சட்டைகளைப் பட்டணத்துக் கடைகளுக்குக் கொண்டுபோகிறவள். பஸ்ஸில் முகம் பார்த்த பழக்கம்தான். திரும்பிப் பூரணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன புள்ள, அடக்கிட்டா நிக்கிறீங்க? வயித்துப் புள்ளத்தாச்சி அடக்கப்படாது. நாம இத்தின பொம்புளயள் என்னத்துக்கு நிக்கம்? வாங்க எல்லாரும், சுத்தி நில்லுங்க. அங்கால பாத்து நில்லுங்க."

ஒருவரும் மறுக்கவில்லை. பெண்கள் வரிசை அப்படியே வளைந்து வட்டமானது. முந்தானைகளையும் முக்காட்டுச் சீலைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றார்கள். நானும் பூரணியும் நடுவில்.

அவள் குந்தி இருக்கமாட்டேன் என்கிறாள்! "மாஸ்டர் நிக்கிறார் மச்சாள்" என்று முணுமுணுக்கிறாள்.

"நிக்கட்டும்! அவர் நிண்டு காயட்டும்! நீ இரு!"

அந்த வயிற்றோடு தானாகக் குந்தவும் முடியாது. கக்கத்துக்குள் கை கொடுத்து நான் தாங்கிப் பிடிக்க, என் காலைக் கட்டிக்கொண்டு குந்தினாள்.

பெண்கள் கூட்டமாக நின்றதைக் கண்ட ஆமிக்காரன் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். விலகச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினான். ஒருத்தியும் விலகவில்லை. ஸுல்பிகாவின் நெஞ்சுக்கு நேரே துவக்கு. அப்போது நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மூத்திரம் போறன்! கேக்குதோ? மூத்திரம்! வந்து பாக்கப் போறியோ?"

பூரணி! சங்கக்கடையில் விலை சொன்னால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத அந்தப் பூரணி! ஆண்கள் வரிசை முழுவதும் திரும்பியது. பஸ் கொண்டக்டர் ஓடிவந்து சிங்களத்தில் ஏதோ சொன்னான். ஆமிக்காரனின் முகம் போன போக்கு! துவக்கைத் தாழ்த்திவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

பூரணியைத் தூக்கி நிமிர்த்தினேன். வட்டம் கலையும் என்று நினைத்தேன். கலையவில்லை. ஸுல்பிகா தன் சீலைத் தலைப்பைப் பூரணியின் கையில் கொடுத்தாள். "இதப் புடிங்க புள்ள. நானும் இருந்துட்டு வாறன்." அவளுக்குப் பிறகு குடையோடு நின்ற ஒரு ரீச்சர் உள்ளே வந்தார். அவருக்குப் பிறகு கைப்பிள்ளைக்காரி ஒருத்தி. பிறகு வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பெண்ணொருத்தி, முகமெல்லாம் சிவந்து. பிறகு ஒரு நரைத்த தலை. எல்லோரும் அடக்கிக்கொண்டுதான் நின்றிருக்கிறார்கள்! ஒவ்வொரு பயணமும், வருடக்கணக்காக, ஒருத்திக்கொருத்தி மூச்சுக் காட்டாமல்.

கடைசியாக நான் போனேன். பயணம் போகிற நாளில் எனக்கு விடிய வேளை தேத்தண்ணி இறங்காது என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படித்தான் நம்பியும் இருந்தேன். அந்த வட்டத்துக்குள் குந்தியிருக்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய பொய்யென்று தெரிந்தது. லொறிகள் போய் முடிந்து, ஆண்களும் ஏறிவிட, பஸ் ஹோர்ன் அடித்தபடி நின்றது. நாங்கள் அவசரப்படவில்லை.

அன்றைக்குச் சலத்தில் கிருமி குறைந்திருந்தது. பிள்ளையின் இதயத் துடிப்பு நல்லதென்றார்கள். ஆனாலும் இனி ரோட்டில் அலைக்கழியக் கூடாதென்று அங்கேயே ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். நாள் வந்துதான் பெற்றாள். பெண்பிள்ளை. அது போட்ட சத்தத்தைக் கேட்டு வாட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

முப்பத்தொன்றாம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துச் சொந்தபந்தங்களுக்குச் சாப்பாடு கொடுத்தோம். அருளம்பலம் மாஸ்டரும் வந்தார். வயிறாரச் சாப்பிட்டு, பிள்ளையின் கையில் ஒரு காப்பைப் போட்டுவிட்டு, பெரிய மனிதத் தோரணையில் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை சுகமாயிருக்கிறா, சந்தோசம். எண்டாலும் பூரணி, அண்டைக்கு நீங்கள் நடுரோட்டில செய்தது சரியில்லை. எங்கட ஊர் மானமெல்லே போச்சு."

நான் வாயைத் திறக்க முதல் பூரணி முந்திவிட்டாள். பிள்ளை மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் குரலை உயர்த்தவுமில்லை.

"மாஸ்டர், உங்கட மானத்தை எங்கட மூத்திரப்பைக்குள்ள இன்னும் எவ்வளவு நாளைக்கு வைச்சிருக்கச் சொல்லுறியள்?"

பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிப் போட்டாள்.

"கூட்டம் எப்ப?" என்று கேட்டாள். "உங்களுக்குக் கதைக்க வெக்கமெண்டால் இருங்கோ. நான் வந்து கதைக்கிறன்."

மாஸ்டர் அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவளாகப் போனாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன் கதிரையில் இருந்தாள், நான் பக்கத்தில். விறகு, பாஸ் எல்லாம் முடிந்ததும் எழுந்து விசயத்தைச் சொன்னாள். எந்தச் சொல்லையும் மறைக்கவில்லை. சிங்களத்தில் மாற்றிச் சொன்னவர்தான் திக்குமுக்காடினார். முகாம் பெரியவன் கேட்டுவிட்டு, இதை ஏன் முன்னமே ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டான். மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். இவனுக்குந்தான் என்ன கேள்வி! பெண்களை மணிக்கணக்காய் வெயிலில் நிறுத்தி வைக்கத் தெரிகிறது. அவர்களுக்கு மூத்திரம் வருமென்று மட்டும் இவனுக்கு மனுப் போட்டுச் சொல்ல வேண்டுமாம்.

அடுத்த தரம் பிள்ளைக்கு ஊசி போடப் பட்டணம் போனபோது, பெண்கள் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு குழியும், அதைச் சுற்றி நாலு தகரமும், ஒரு வாளி தண்ணீரும் இருந்தன. அரை நாள் வேலைகூட இராது. மற்றப் பெண்கள் கண்டதும் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தகரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் குழறி அழுதேன்.

உள்ளே போவதற்காகப் பிள்ளையை என்னிடம் நீட்டிய பூரணி பயந்து போனாள். "என்ன மச்சாள், ஏன் அழுறியள்?"

"நாலு தகரமடி" என்றேன். "வெறும் நாலு தகரம்."