டெப்பில் கருகிய தேயிலை

லிந்துலைப் பக்கத்து ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், முன்பெல்லாம் கையைச் சுட்டுக்கொண்டு வேலை பழகுவார்கள்; இப்போது முதலில் டெப் என்கிற தொடுதிரைக் கணினியில் பழக வேண்டுமாம். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு அதைக் கேட்டதுமே பயமாகிவிட்டது. ஆனால் முழங்கால் போய்விட்டது, இனி கொழுந்து பறிக்க மலை ஏற முடியாது. டெப்பிலேயே வைக்கும் பரீட்சையில் தேறினால் ஸ்டோர் வேலை. இல்லாவிட்டால் லயத்து வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான். நடு வயதில் படிக்கப் போனவர்களுக்கு என் பயம் புரியும்.

ஓடுகிற படம்

டெப்பில் முழு ஸ்டோரும் ஒரே நேரத்தில் ஓடியது. கொழுந்து வாடி, அரைபட்டு, அடுப்பில் காய்ந்து தூளாக வந்தது. எதைப் பார்ப்பது? என் கண் பெரிய ஃபேனிலேயே நின்றுவிட்டது. பழக்கிவிடும் ஐயா, "கொழுந்துக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "ஃபேன் நல்லா சுத்துதுங்க" என்றேன். அவர் சிரிக்காமல் கேட்டார்: "ஃபேனையாம்மா கொதிக்க வச்சுக் குடிக்கப் போறோம்?"

இரண்டு கை

படத்துக்குக் கீழே நகர்த்துகிற கோடுகள் இருந்தன. சூட்டுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, அடுப்புத் தட்டில் பரப்பும் கனத்துக்கு ஒன்று. இருபது வருடம் கொழுந்து பறித்த கை சும்மா இருக்குமா? இரண்டு கையாலும் இரண்டு கோட்டை இழுத்தேன். தூள் கெட்டது. எதனால் கெட்டது என்றால் தெரியவில்லை. என்னோடு பழக வந்த ராமாயி சொன்னாள்: "அக்கா, கூடைய எறக்கி வச்சிட்டு ஒத்தக் கையால பறிங்க."

கருகல்

ஒற்றைக் கையால் சூட்டை மட்டும் கூட்டினேன். திரையில் தூள் கறுத்துப் புகைந்தது. பதறி எழுந்து, "மன்னிச்சிருங்க ஐயா" என்றேன். "கருகினது படந்தாம்மா. பயப்படாம இன்னும் நாலு தடவ கருக்குங்க."

பரீட்சை

நாலு என்றார், நான் கணக்கில்லாமல் கருக்கினேன். ஒவ்வொரு தடவையும் படத்தை நிறுத்தி, என்ன ஆகும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கோட்டை இழுத்தேன்.

பரீட்சையில் அடுப்பிலிருந்து தூள் ஈரமாக வந்தது. சூட்டைக் கூட்டத்தான் கை போனது. கூட்டினால் மேலே கருகும், உள்ளே ஈரம் நிற்கும். அதை எத்தனை தடவை பார்த்திருந்தேன்! கையை இழுத்துக்கொண்டு, தட்டில் பரப்பும் கனத்தை மட்டும் குறைத்தேன். தூள் நன்றாகக் காய்ந்து வந்தது. ஐயா என் பெயரை எழுதிக்கொண்டார். "திங்கக்கெழம நெச அடுப்புக்கிட்ட வாங்கம்மா. அங்க மட்டும் கருக்கிடாதீங்க."

ஸ்டோரில் செய்திருந்தால் முதல் நாளே விரட்டியிருக்கக்கூடிய பிழைகளை ஒன்றுவிடாமல் செய்துதான் எனக்கு ஸ்டோரில் வேலை கிடைத்தது.