பண்டார் பாருவிலிருந்து ஒவ்வொரு பேக்கேஜாக

செம்பனைத் தோட்டத்து மண்டபத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இன்றுவரை இணையம் கிடையாது. தோட்டத்தில் எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது, சிக்னலும் நன்றாகவே கிடைக்கிறது. இந்த லினக்ஸ் பெட்டிக்கு மட்டும் இணைப்பு வாங்க, அதைப் பார்த்துக்கொள்ளும் சத்தியசீலன் விடமாட்டார். அதற்கு வேண்டிய மென்பொருள் பேக்கேஜ்களையெல்லாம் ஒரு பழைய ஹார்டிஸ்கில் களஞ்சியமாக வைத்திருக்கிறார். எது வேண்டுமென்றாலும் கம்ப்யூட்டர் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். "வீம்பு பிடிச்ச மனுசன்லா," என்று மண்டபத்துக் கமிட்டிக்காரர்கள் தலையிலடித்துக் கொள்கிறார்கள். வீம்பாவது ஒன்றாவது! காரணம் வேறு.

பல வருசத்துக்கு முந்திய கதை அது; அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. யாரோ ஒரு புண்ணியவான் மண்டபத்துக்குக் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டுவிட்டு, பிள்ளைகள் அதில் தமிழில் எழுதியே ஆகவேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். தோட்டத்தில் அன்று போன் லைன்கூட இல்லை. ஆகவே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து டவுனான பண்டார் பாருவுக்குப் போவார். அங்கே சைபர் கஃபேயில் நளினி உட்கார்ந்திருப்பாள். கேட்ட பேக்கேஜை இணையத்திலிருந்து இறக்கி, பென்டிரைவில் போட்டுக் கொடுப்பாள்.

இந்தப் பேக்கேஜ்கள் இருக்கின்றனவே, சம்பந்தி வீட்டாரைவிட மோசம். ஒன்றை அழைத்தால், 'என் மச்சானுக்குப் பத்திரிகை வைத்தீர்களா?' என்று வாசலிலேயே நின்றுகொள்ளும். மச்சானைக் கொண்டுவந்தால், அவனுக்கொரு மாமன் வேண்டும். மறுபடி மோட்டார், மறுபடி செம்மண் தூசி, மறுபடி நளினி.

எது எதைக் கேட்கும் என்று முன்கூட்டியே பார்த்து, மொத்தமாக இறக்கிவர வழி உண்டு. அது சத்தியசீலனுக்கு இரண்டாவது நடையிலேயே தெரிந்துபோயிற்று. தெரிந்தும் ஒவ்வொன்றாகத்தான் கேட்டார். சரியான கள்ளன்! அந்தக் கடையில், மின்விசிறிக்கடியில், அவள் பக்கத்தில் காத்திருந்த பொழுதை நினைத்தால் மனிதர் இப்போதும் கையிலிருக்கிற வேலையை அப்படியே விட்டுவிடுவார். அவ்வளவு சந்தோசம் அது. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாரா? வாயில் கொழுக்கட்டை.

ஒரு திங்கட்கிழமை நளினி அவருடைய பென்டிரைவை வாங்கவில்லை. ஒரு ஹார்டிஸ்கை நீட்டினாள்.

"இந்தாங்க. உங்களுக்கு வேண்டியது, அது கேக்குறது, அதுக்கு மேல கேக்குறது, எல்லாம் மொத்தமா இருக்கு. இனிமே நீங்க அலைய வேணாம். சனிக்கிழமை கூலிம்லேருந்து என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. சரின்னு ஆயிட்டா நான் கடைக்கு வர மாட்டேன்."

"ஓ... பாகுஸ்லா," என்றார் சத்தியசீலன். பாகுஸாம்! நல்லதாம்! அதைச் சொன்ன நாக்கை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

மண்டபத்தில் ஹார்டிஸ்கை மாட்டினார். ஏதாவது ஒன்று இல்லையென்று சொல்லாதா என்று ஏங்கினார். பாழாய்ப்போன கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மடமடவென்று ஏற்றிக்கொண்டது. திரையில் தமிழ் எழுத்து தெளிவாக வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவருக்கு அழுகை முட்டியது.

மறுநாள் காலை, கடை திறக்கும்போதே போய் நின்றார்.

நளினி முகம் சுளித்தாள். "எது விட்டுப்போச்சு? எல்லாத்தையும் நானே சரிபார்த்தேனே."

"எல்லாம் இருக்கு. நீங்கதான் இல்ல."

அவள் கையிலிருந்த கடைச் சாவியை மேசையில் வைத்தாள்.

"சினிமா வசனமெல்லாம் வேணாம்லா," என்றாள். "அடுத்து எது கேக்கும்னு எனக்கு மட்டும் தெரியாதா? தெரிஞ்சிதான் நானும் ஒன்னொன்னா கொடுத்தேன். போங்க, சனிக்கிழமைக்கு முன்னாடி உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க."