வேரை மூடிய சேறு

"மண்ணே இல்லாம செடி வளக்கப் போறியாம்மா? இதத்தான் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?" என்று சித்தப்பா கேட்டார். கொல்லையில் நான் கரித்துண்டுகளையும் தேங்காய் மட்டையையும் சட்டிகளில் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஆர்க்கிட் செடிகளுக்கு.

"ஆமா சித்தப்பா. மண்ணு பட்டா இது செத்துடும்."

"அப்ப நம்மூருக்கு ஆவாது. மண்ணில்லாம கரி மட்டும் கெடக்குற எடம் சுடுகாடுதான். அங்க கொண்டுபோயி வை."

"படிச்ச புள்ள சொல்லுது, விடுங்க தம்பி" என்றாள் அம்மா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா இறந்த பிறகு அம்மா நடவுக்குப் போய்த்தான் என்னைத் தோட்டக்கலை வரை படிக்கவைத்தாள். பிறகு ஊருக்கு நடவு இயந்திரம் வந்தது. ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களில் அதற்கும் வேலை இல்லை. கூட நட்டவர்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கலைந்தார்கள். ஒரு ஏஜெண்டு மூலம் அம்மாவுக்குக் குவைத்தில் வீட்டு வேலை ஒன்று வந்தது.

கல்யாண வரவேற்பு மேடைகளில் ஆர்க்கிட் பூ புகுந்திருந்த காலம் அது. கும்பகோணத்தில் மேடை ஜோடிக்கிறவரைப் போய்ப் பார்த்தேன். "வெளிநாட்டுலேர்ந்து வர்றது பாதி வாடித்தான் வருது. தை முகூர்த்தத்துக்குக் குடுங்க, எடுத்துக்குறேன்" என்றார். தையில் பூ வந்தால் அம்மா போக வேண்டாம் என்று பேசி முடிவு செய்தோம். ஏஜெண்டிடமும் தை வரை பொறுக்கச் சொன்னாள்.

நான் வாங்கியது டென்ட்ரோபியம் வகை. எங்கள் வெக்கையைத் தாங்கும். மரத்தில் ஒட்டி வாழ்கிற செடி என்பதால் வேருக்குக் காற்று வேண்டும். சட்டியின் பக்கங்களிலும் துளை போட்டேன். மட்டையைப் பல நாள் ஊறவைத்து, சாயத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகே பயன்படுத்தினேன். தண்ணீர் காலையில் மட்டும். வேர் வெள்ளையாகக் காய்ந்திருந்தால் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் ஊற்றக் கூடாது. பாதி நிழல் போதும். கார்த்திகையில் மொட்டுக் காம்புகள் எட்டிப் பார்த்தன. சித்தப்பாவே வந்து குனிந்து பார்த்தார்.

கல்லூரியின் கடைசித் தேர்வுக்காக நான் தஞ்சாவூர் விடுதியில் தங்கியிருந்தபோது அடைமழை பிடித்தது. கூடவே காற்று. சட்டிகளில் செடிகள் ஆடின. வேர்கள் வெளியே தொங்கின. அம்மா வாய்க்காலில் இறங்கி, நல்ல வண்டல் சேறாகப் பார்த்து அள்ளிவந்து, ஒவ்வொரு செடிக்கும் வைத்து, நாற்றுக்கு அழுத்துவதுபோலக் கட்டை விரலால் அழுத்தி மூடினாள். ஒரு சட்டியைக்கூட விடவில்லை.

நான் திரும்பியபோது மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. சேற்றைக் கழுவினேன். விரலால் பிடித்தால் வேரின் தோல் வழுக்கிக் கழன்றது. உள்ளே நார் மட்டும். பல செடிகளில் அடித்தண்டே கறுத்துக் கூழாகியிருந்தது.

"ஆடுற பயிரு வேர் புடிக்காதேடி. மண்ணு ஆவாதுன்னு நீ சொன்னாலும் மனசு கேக்கல. அதான் அமுக்குனேன்" என்றாள்.

அவள் சொன்னது ஆர்க்கிட்டுக்கும் பொருந்தும். ஆடினால் வேர் பிடிக்காதுதான். ஆனால் குச்சி நட்டுக் கயிற்றால் கட்ட வேண்டும். எதைக் கொண்டும் மூடக் கூடாது. இதை நான் அவளுக்குச் சொன்னேன். கழுவிய செடிகளை வரிசையாக வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தைக்குப் பூக்குமா?"

"பூக்காதும்மா."

"சரி. பாஸ்போர்ட்ட எடுத்து வை."

தை பிறந்ததும் போனாள். பேருந்தில் ஏறும்போது சித்தப்பாவிடம், "கேலி பண்ணாம அதுக்குத் தண்ணி கிண்ணி ஊத்துங்க" என்றாள். "தண்ணி ஊத்துனாதான் செத்துடுதே அண்ணி" என்றார் அவர்.

சேற்றைக் கழுவிய அன்றே, நெருப்பில் காட்டிய பிளேடால் அழுகலை நல்ல சதை தெரியும்வரை வெட்டியிருந்தேன். பூஞ்சை பிடிக்காமலிருக்க வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூள் தடவி, நிழலில் காயவிட்டிருந்தேன். பெரும்பாலானவை அப்படியும் போய்விட்டன. கறுக்காத தண்டுகள் சில மிஞ்சின. இலையும் இல்லை, வேரும் இல்லை. அவற்றை எறியக் கூடாது. தண்டில் சேமித்த உணவு இருக்கும். ஈர மட்டைமேல் படுக்கவைத்தேன், புதைக்காமல்.

அம்மா போனில் அதிகம் பேசுவதில்லை. அந்த வீட்டில் யாராவது பக்கத்தில் நிற்பார்கள். ஒருமுறை, கையெல்லாம் சோப்புத் தண்ணீரில் வெடித்துவிட்டது என்றாள். சேற்றுப்புண்ணுக்குப் போடும் மருந்தின் பெயரைக் கேட்டாள். சொன்னேன்.

தண்டுகளின் கணுக்களில் குட்டிச் செடிகள் முளைத்தன. விரல் நீளத்துக்கு வேர் விட்டபின் பிரித்துக் கரிச்சட்டிகளில் வைத்து, ஒவ்வொன்றையும் குச்சியோடு கட்டினேன். பூக்க இன்னும் நாளாகும். அதற்குள் அம்மாவின் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி ஏஜெண்டு ஆள் அனுப்பினார். நேற்று நானே அவர் அலுவலகத்துக்குப் போய், அம்மா இனி எந்த ஒப்பந்தத்திலும் கைநாட்டு வைக்கமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.