மனுவில் நான் சேர்த்த வரி

அப்பா பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பிழைப்புக்காகக் கப்பலேறி போர்ட் பிளேர் வந்து, துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். அம்மா காலமான பின் மறுமணம் செய்துகொள்ளாமல் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்.

போர்ட் பிளேரின் பத்துபஸ்தி பகுதியில் எங்கள் வீட்டு மனைக்கு உரிமை கோரி ஒருவர் வழக்குத் தொடுத்தார். இங்கிருந்த ஒரே தமிழ் வக்கீல் அப்பாவுக்காக வாதாடினார். அவர் ஊருக்குப் போன சமயம், திரும்பும் கப்பல் தாமதமாகிவிட்டது. விசாரணை நாளில் எங்களுக்காகப் பேச ஆளில்லை. வீட்டைக் காலி செய்யும்படி தீர்ப்பாகிவிட்டது.

வழக்கறிஞர் சங்கத்தில் முறையிட்டால் வேறு வக்கீல் கிடைப்பார் என்றார்கள். அப்பா சொல்லச் சொல்ல நான் இந்தியில் மனு எழுதினேன்.

"அவரக் கொற சொல்லாத தாயி. வேற ஆளு மட்டும் கேளு."

நானோ, வக்கீல் எங்களை ஏமாற்றிவிட்டார் என்று ஒரு வரி சேர்த்தேன். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். மனுவுக்கு அதுதான் வலு என்று நினைத்தேன். அப்பா கைநாட்டு வைத்தார்.

சங்க அறையில் அதை உரக்கப் படித்தார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நானாய்யா ஒன்ன ஏமாத்துனேன்?" என்று வக்கீல் தமிழில் கேட்டார்.

இது உங்கள் வார்த்தைதானா என்று தலைவர் இந்தியில் கேட்டார்.

"ஜி சாப்," என்று ஒப்புக்கொண்டார் அப்பா.

ஏமாற்றியதற்கு ஆதாரமில்லை, ஆனால் வழக்கை இன்னொருவரிடம் ஒப்படைக்காமல் போனது தவறு என்று சங்கம் கண்டித்தது. மூத்த வங்காளி வக்கீல் ஒருவரைக் கட்டணமின்றி எங்களுக்கு அமர்த்தியது. வழக்கு மறுபடி நடந்து வீடு தப்பியது.

சங்கத்துக்குப் போன அன்று திரும்பும் வழியில், "நான் எழுதுனதுன்னு சொல்லியிருக்கலாமேப்பா," என்றேன்.

"படிச்ச புள்ள பொய் எழுதுச்சுன்னு பேரு வரணுமாக்கும்? நட, பஸ் போயிரும்."

தமிழ் வக்கீல் அடுத்த கப்பலில் ஊருக்கே போய்விட்டார். "நமக்குன்னு இருந்த ஒருத்தரையும் வெரட்டிட்டான்" என்று நம்மவர்கள் பேசினார்கள். அதன்பின் பொங்கலுக்குக்கூட எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். இருட்டியதும் சட்டையைக் கழற்றி மடித்து வைப்பார். கடைசிக் காய்ச்சலிலும் பக்கத்தில் நான் ஒருத்திதான்.

சங்கத்தாருக்கும், வங்காளி வக்கீலுக்கும், அப்பாவைச் சுமந்துசென்ற துறைமுகத் தொழிலாளர்களுக்கும் என் நன்றி. அப்பாவின் நினைவாக வெளியிடும் இம்மலரின் ஒரு பிரதியைத் தமிழ் வக்கீல் ஐயாவுக்கும் தபாலில் அனுப்புகிறேன். அப்பா யாரையும் குறை சொல்லவில்லை. அந்த வரி என்னுடையது.