பம்பின் அடியில் இறங்கிய நிலம்

என் ஜொகூர் பாரு வீட்டுக்குப் பின்னால் ஒரு லாரிப் பட்டறை இருக்கிறது. நேற்று மாலை அங்கிருந்து கருகிய கிரீஸ் வாடை ஜன்னல் வழியே வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ தேநீரை வைத்துவிட்டு யாரையாவது காப்பாற்ற ஓட வேண்டும்போல் இருந்தது. அந்த வாடையிலிருந்து காப்பாற்ற வேண்டியவர்கள் யாரும் இப்போது இல்லை என்பது நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது.

முப்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். பௌதிகத்தில் பட்டம் பெற்ற நான், ஆயர் ஈத்தாமுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் பட்டறையையும் தண்ணீரையும் கவனிக்கும் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். சமுதாயத்தையே திருத்திவிடும் எண்ணத்தோடு வந்தவன். முதல் மாதத்தில் என்னால் திருத்த முடிந்தது காதுவரை இறங்கிய என் தொப்பியை மட்டும்தான்.

தோட்டத்துக்கு ஒரே ஒரு டிராக்டர். காலையும் மாலையும் அதை ஆற்றோரத்துப் பம்புக்கு அருகே நிறுத்தி, அதன் பின்புறம் நீண்டிருக்கும் சுழல்தண்டைப் பம்போடு பூட்டுவார்கள். அந்தச் சுழற்சியில்தான் தொழிலாளர் லயங்களுக்குத் தண்ணீர் ஏறும். தண்டைத் தாங்கும் பேரிங்தான் திரும்பத் திரும்பப் பழுதாகிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு முனகல், பிறகு கருகிய வாடை, பிறகு எல்லாம் நின்றுவிடும். சிங்கப்பூரிலிருந்து புதியது வரும்வரை லயத்துப் பெண்கள் கலங்கிய ஓடைத் தண்ணீரை மொண்டு வருவார்கள்; குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கிவிடும்.

பழி முழுவதும் டிராக்டர் ஓட்டும் சின்னையாவின்மேல் விழுந்தது. சுருட்டை முடி பளபளக்க வேலைக்கு வரும் மனிதர் அவர். கங்காணி எல்லோர் முன்னிலையிலும் சொல்வார்: "கிரீஸயெல்லாம் தலைக்குத் தடவிக்கிட்டா, பேரிங்குக்கு எங்க மிஞ்சும்?"

"தேங்காயெண்ணெதாங்க கங்காணி. வேணும்னா மோந்து பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால், இன்னொரு பேரிங் போனால் சின்னையாவைக் குடும்பத்தோடு கப்பலேற்றிவிடப்போவதாகத் தோட்டத்து மேலாளரான வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்தார். சின்னையாவின் மனைவி அப்போது நிறைமாதம். கங்காணி போனதும் சின்னையா என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஐயா, ஊர்ல எனக்குன்னு யாருமில்ல. எறங்கி எந்தப் பக்கம் நடக்கிறதுன்னுகூடத் தெரியாது."

முனி தண்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது என்றார்கள் லயத்து மக்கள். எலுமிச்சம்பழம் கட்டினார்கள். பழம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த முனகலும் கேட்டது.

தேய்ந்துபோன பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி மேசையில் வரிசையாக வைத்தோம். கழற்றும்போதே மேற்பக்கம் எது என்று அரத்தால் கீறி வைக்கச் சொல்லியிருந்தேன். கிரீஸுக்குக் குறைவில்லை. தண்டு வளைந்திருந்தால், அதோடு சேர்ந்து சுழலும் உள்வளையத்தில்தான் ஓரிடம் தேய வேண்டும். இங்கோ அசையாமல் நிற்கும் வெளிவளையம் தேய்ந்திருந்தது. அதுவும் ஒவ்வொன்றிலும் அதே கீழோரம். ஏதோ ஒன்று தண்டை எப்போதும் ஒரே திசையில் இழுக்கிறது என்று பொருள். இதைச் சொன்னதும் சின்னையா அந்தக் கீழோரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "இழுக்கிறது யாருங்கய்யா?"

பௌதிகத்தில் அந்தக் கேள்விக்கு 'யார்' என்ற சொல் கிடையாது.

மட்டம் பார்க்கப் பாதி தண்ணீர் நிரம்பிய போத்தலைப் பம்பின் அடித்தளத்தில் படுக்க வைத்தோம். தளம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. பலகை கொடுத்து நிமிர்த்தினோம். ஒரு மழைக்குப் பிறகு மறுபடியும் சரிந்தது. அடியில் கல் போட எண்ணிச் சின்னையா கடப்பாரையை இறக்கினார். அது தடையே இல்லாமல் உள்ளே போயிற்று. நாலடி தள்ளிக் குத்தினார், அங்கும் அப்படியே.

"குத்தாதப்பா," என்றது ஒரு குரல். குடத்தோடு நின்றிருந்தவர் அஞ்சலை, அந்தத் தோட்டத்தில் காடு வெட்டிய முதல் கூட்டத்தில் மிஞ்சியவர். "காச்சல்ல போனவங்கள இங்கதான் பொதைச்சோம். கல்லு நட வழியில்ல, ஆளுக்கொரு குரோட்டன் செடி வச்சோம். பின்னால வந்த புல்லுவெட்டுற ஆளுங்க அம்புட்டையும் புடுங்கிட்டாங்க. மொட்டையா, சமமா கெடக்குன்னு தொரை பம்ப இங்க வச்சிட்டாரு."

"ஏம்மா இவ்வளவு நாள் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா பம்ப எடுத்துருவீங்க. புள்ளைங்களுக்குத் தண்ணி யாரு குடுப்பா? எம் புருசன் எந்தக் குழியில இருக்காருன்னு எனக்கே இப்பத் தெரியாது."

பம்பை வேறிடத்துக்கு மாற்றலாம் என்று துரையிடம் வாதாடினேன். ஆற்றோரத்தில் மற்ற இடமெல்லாம் சதுப்பு என்றார். சிமெண்டுத் தளம் போடு, இல்லையென்றால் சின்னையாவை அனுப்பு என்றார். தாகத்துக்கும் புதைகுழிக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அஞ்சலையிடமே போனேன். அவர் குடத்தை இறக்கி வைத்தார்.

"போடுங்க. பால் ஊத்த ஒரு ஓட்டை மட்டும் விடுங்க."

ஈரச் சிமெண்டில் சின்னையா ஒரு மூங்கில் குழாயை நட்டார். அதன்பின் பேரிங் போகவில்லை. அவருக்குப் பெண் குழந்தை தோட்டத்திலேயே பிறந்தது. தண்டு சத்தமின்றிச் சுழன்றது. வெள்ளிக்கிழமைகளில் அஞ்சலை ஊற்றும் பால் மூங்கிலுக்குள் இறங்கும்போது, யாரோ விழுங்குவது போன்ற ஓசை கேட்கும்.

அஞ்சலைக்குப் பிறகு சின்னையாவின் மனைவி ஊற்றினார். பிறகு தோட்டம் கைமாறியது, லயங்கள் இடிபட்டன. சின்னையாவின் பேரப்பிள்ளைகள் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் போனபோது சிமெண்டுத் தளத்தைப் பெயர்த்து, நிலத்தை மட்டமாக்கி எண்ணெய்க்கான செம்பனைக் கன்றுகளை நட்டிருந்தார்கள். ஒரே அளவு, ஒரே இடைவெளி. எந்தக் கன்றின் அடியில் நிற்பது என்று தெரியவில்லை. கொண்டுபோன பாலைத் திருப்பி எடுத்துவந்தேன்.