யார் பெயரும் இல்லாத ஸ்டிக்கர்

லேபிள் அக்கா என்றால் அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தெரியாதவர் கிடையாது. நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. இருபத்து மூன்று வயதில் டைப்பிஸ்டாக வந்தவருக்கு இப்போது நாற்பத்தேழு. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. பெரிய டாக்டர் போய் அவர் மகள் டாக்டரம்மா வந்தார். அக்கா மட்டும் அதே நாற்காலியில், அதே பஞ்சு பிதுங்கிய குஷனில்.

வேலை என்ன? ஸ்டிக்கர் அடிப்பது. ஆளுக்கு இரண்டு: ஒன்று படிவத்துக்கு, ஒன்று ரத்தக் குழாய்க்கு. ஒரு தாளில் இருபத்து நான்கு. தினமும் காலையில் நேற்றைய ஃபைலைத் திறப்பார், நேற்றைய பெயர்களின்மேல் இன்றைய பெயர்களை அடிப்பார், பிரிண்ட் கொடுப்பார். பதினைந்து வருஷமாக இதே பாடுதான். இதில் என்ன ஆபத்து என்று கேட்டிருந்தால் அக்கா சிரித்திருப்பார்.

மூன்று மாதம் முன்பு ஒரு நாள், ஒரு தையல்காரரின் முதல் ஸ்டிக்கரை அடித்து முடிக்கவும் போன் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. பேசிவிட்டு வந்தவர் நேராக அடுத்த ஆளுக்குத் தாவிவிட்டார். தையல்காரரின் படிவத்தில் அவர் பெயர். குழாயிலோ, முந்தின நாள் வந்துபோன ஒரு பஸ் டிரைவரின் பெயர்! டிரைவர் ரிப்போர்ட் வாங்க வந்தபோது அவர் பெயரில் இரண்டு இருந்தன. மேலே இருந்ததைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். சர்க்கரை முந்நூற்று நாற்பது.

நான்கு நாள் கழித்துத் தையல்காரர் வந்து நின்றபோது அவருக்கு ரிப்போர்ட்டே இல்லை. தேடினார்கள், குட்டு உடைந்தது. டிரைவரைக் கூப்பிட்டுச் சொன்னதும் மனிதர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

“நாலு நாளா என் வீட்டுக்காரி சர்க்கரை இல்லாத டீயைக் குடுத்துக் கொன்னுட்டா! யாரோட ரத்தத்துக்கோ நான் பட்டினி கிடக்கணுமா?”

கூடத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. முந்நூற்று நாற்பதோடு அந்தத் தையல்காரர் நான்கு நாள் ஒன்றும் தெரியாமல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாரே! மாத்திரை ஆரம்பித்து அவர் தேறிவிட்டார் என்பது வேறு விஷயம். டாக்டரம்மா கத்தவில்லை. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா லேபிள் வேலையை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்க்கா” என்று மெதுவாகச் சொன்னார். அதற்குக் கத்தியே தொலைத்திருக்கலாம்.

அன்றிலிருந்து அக்கா ஒவ்வொரு தாளையும் மூன்று தடவை படித்தார். கண் எரிந்ததுதான் மிச்சம். கண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை, பழைய பெயர் அந்த ஃபைலில் இருக்கிறவரைக்கும் அது என்றைக்காவது தலைகாட்டத்தான் செய்யும் என்பது மெல்ல உறைத்தது.

ஸ்டிக்கர் தாள் வாங்கப் போன இடத்தில் கடைக்காரரிடம் புலம்பினார். “புதுசா ஃபைல் போட்டா, நீளமான பேர் வந்ததும் வரி கீழ தள்ளி ஸ்டிக்கரை விட்டே போகுது. அதுக்குப் பயந்தே பழைய ஃபைலைக் கட்டிட்டு அழறேன்.”

கடைக்காரர் பாக்கெட் அட்டையின் மூலையைத் தட்டினார். “இந்த நம்பரைக் கம்ப்யூட்டர்ல லேபிள்னு இருக்கிற இடத்துல குடுங்க. கட்டம் தானா வந்து உக்காரும். இத்தனை வருஷமா இந்த அட்டையை என்ன பண்ணீங்க?”

“கிழிச்சுக் குப்பையில போட்டேன், வேறென்ன!”

மறுநாள் மதியம் கூட்டம் குறைந்ததும் அக்கா உட்கார்ந்தார். நம்பரைக் கொடுத்ததும் இருபத்து நான்கு கட்டம் வரிசையாக வந்தன. எந்தப் பெயர் வந்தாலும் கட்டம் நீளாதபடி உயரத்தை நிலைப்படுத்தினார். கூடத்தின் பெயர், ‘பெயர்’, ‘வயது’, ‘தேதி’ என்று என்றும் மாறாதவற்றை மட்டும் அடித்தார். சேமிக்கப் போனால், ஃபைல் வகைகளின் பட்டியலில் ‘டெம்ப்ளேட்’ என்று ஒன்று, வெற்று அச்சு மாதிரி. ஆயிரம் தடவை பார்த்துத் தாண்டிப் போன சொல். போட்டுப் பார்த்தார். மூடிவிட்டு, புது ஃபைல் என்று அந்த டெம்ப்ளேட்டைக் கேட்டார். பெயரில்லாத புத்தம்புதுத் தாள் வந்தது. அதில் கண்டதை அடித்தார், மூடினார், மறுபடி கேட்டார். மறுபடி வெறுமை! ஏழு தடவை சோதித்தார். நேற்று என்பதே அந்தத் தாளுக்குத் தெரியவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனாலும் பெரிய கூட்டம் ஒன்று வந்து பார்த்தால்தானே நிச்சயம்? போன வாரம் வந்தது. ஒரு தொழிற்சாலையிலிருந்து நூற்றுப் பதினாறு பேர், ஒரே காலையில். பத்துத் தாள். வாசலில் டாக்டரம்மா கைகட்டி நின்றார். ரத்தம் எடுக்கும் அண்ணன் படிவத்தையும் குழாயையும் உரக்கப் படித்துப் படித்து ஒட்டினார். அக்கா பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்தார். நூற்றுப் பதினாறும் பொருந்தின.

அப்பாடா என்று நிமிரும்போது பார்த்தால், வரிசையின் கடைசியில் அதே டிரைவர்! இப்போது அந்தத் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டுகிறாராம். பட்டியலில் பெயர் இல்லை, ஆனால் வந்ததோடு வந்ததாகப் பார்த்துவிடலாம் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். அக்காவைக் கண்டதும் மடித்த கையை இறக்கினார்.

“ஏம்மா, இன்னைக்கு என் தலையில யாரைக் கட்டப் போறீங்க?”

அக்கா பத்தாவது தாளைத் தூக்கி அவர் முன் பிடித்தார். எட்டு ஸ்டிக்கர் மீதி. பழைய வழக்கமாயிருந்தால் அந்த எட்டிலும் நேற்று வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது ‘பெயர்’ என்ற சொல்லுக்கு எதிரே ஒன்றுமில்லை. அவர் கண்ணெதிரிலேயே பேனாவால் இரண்டில் எழுதி, ஒன்றைப் படிவத்தில், ஒன்றைக் குழாயில் ஒட்டி, இரண்டையும் நீட்டினார்.

“நீங்களே படிங்கண்ணா.”

டிரைவர் கண்ணாடியை மாட்டி நிதானமாகப் படித்தார். “இதுல நான். இதுலயும் நான்தான்.” திரும்பவும் கையை மடித்தார். “சரி, குத்துங்க. ரிசல்ட் எதுவானாலும் என்னுதுன்னா சரி.”

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான், மூன்று மாதமாக அடைத்துவைத்தது.

மீதி ஆறு ஸ்டிக்கரோடு அந்தத் தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, “யார் பேரும் இல்லாத ஸ்டிக்கரை எதுக்குக்கா வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

“யார் பேரும் இல்லன்னுதான், டாக்டரம்மா.”