பதினோரு பேருக்கு ஒரு ப்ளஸ் டூ மென்டர்

ஒரு வேலையை இலவசமாகச் செய்து கொடுத்து, அதை ஏன் நேற்றே செய்யவில்லை என்று திட்டும் வாங்கிக்கொள்வதற்குப் பெயர் ஓப்பன் சோர்ஸ். அதையே நாலு பேருக்குக் கற்றுக்கொடுத்து அவர்களிடமும் திட்டு வாங்கினால், மென்டர். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் போய் "சாம்பார் ஆறிடுச்சு" என்று ஏச்சு வாங்கியவர்கள், அபார்ட்மென்ட் சங்கத்துக்குச் செயலாளராக இருந்து முடி கொட்டியவர்கள், எல்லோரும் வாங்க, பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

அப்பாவுக்கு ஹவுராவில் ரயில்வே ஆபீஸ் வேலை. சாயங்காலம் ஹூக்ளி ஆற்றை லாஞ்சில் கடந்து, பாபுகாட்டில் இறங்கி, டாலிகஞ்சில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். பயணிகள் படகை இங்கே லாஞ்ச் என்போம். இப்போது ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ ஓடுகிறது. அவர் ஏற மாட்டார். "மேல போக வழி இருக்கும்போது எதுக்கு அடியில போகணும்?" என்பார். தினமும் லாஞ்சைக் கோட்டைவிட்டுவிட்டு வந்து வீட்டில் எரிந்து விழுவார். அது பொறுக்காமல் பதினொன்றாம் வகுப்பில் ஓர் ஆப் எழுதினேன். அடுத்த லாஞ்சுக்கு எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று அதை இணையத்தில் திறந்து வைத்தேன். கல்லூரி மாணவர்களுக்கு ஓப்பன் சோர்ஸைப் பழக்கும் திட்டம் ஒன்று வருஷா வருஷம் நடக்கிறது. அவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னையும் மென்டராகச் சேர்த்துக்கொண்டார்கள். விண்ணப்பத்தில் வயதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ப்ளஸ் டூ முடித்திருந்தேன். மார்க் சுமார்தான். எனக்குப் படிக்கப் பிடிக்கும், வகுப்பில் உட்காரத்தான் பிடிக்காது. ஒரு வருஷம் கல்லூரி வேண்டாம், இந்த வேலையைப் பார்க்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். மூன்று நாள் யாரும் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் அப்பா ஒரு ஒப்பந்தம் போட்டார். "உன் திட்டம் ரெண்டு மாசம்தானே? அது முடியற அன்னிக்கு, உன்கிட்ட நிஜமாவே ஏதாவது கத்துக்கிட்ட ஒரே ஒரு ஆளைக் காட்டு. ஒரு வருஷம் உன் இஷ்டம். காட்டலைன்னா, கடைசி நேரத்துல சீட் கொடுக்கிற காலேஜ் எனக்குத் தெரியும். பி.காம்."

பதினோரு பேரை என்னிடம் அனுப்பினார்கள். பதினோரு பேரும் என்னைவிடப் பெரியவர்கள். அதில் ஒரே ஒருத்தர் ஏதாவது கற்றுக்கொள்ள மாட்டாரா என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

துண்டு போட்டவர்கள்

ஆப்பில் ஒரு கோளாறு இருந்தால், இன்னது கோளாறு என்று எல்லோருக்கும் தெரிய எழுதி வைப்போம். அதற்கு இஷ்யூ என்று பெயர். முதல் நாள் ஒரு இஷ்யூ போட்டேன்: 'கடைசி லாஞ்ச் போன பிறகும் ஆப் நிமிஷத்தை எண்ணிக்கொண்டே இருக்கிறது. மைனஸ் ஐந்து, மைனஸ் பத்து என்று காட்டுகிறது.' கால் மணி நேரத்தில் பத்துப் பேர் அதன் கீழே வரிசையாக ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள். 'மதிப்பிற்குரிய சார், இந்த இஷ்யூவை எனக்கு ஒதுக்கவும்.' அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஒருத்தன் இன்னும் ஒரு படி மேலே போய், 'இனிமேல் கண்டுபிடிக்கப்படும் இஷ்யூவையும் எனக்கே ஒதுக்கவும்' என்று எழுதியிருந்தான். பஸ் டிப்போவிலிருந்து கிளம்புவதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற ஜாதி.

யாருக்கும் எதையும் ஒதுக்க மாட்டேன், செய்து அனுப்புங்கள், பார்க்கிறேன் என்று பதில் போட்டேன். கூடவே, நான் சார் இல்லை, பெண், வயது பதினெட்டு என்றும் எழுதினேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது.

"புரிஞ்சுது, சார்."

சுவர் பிடித்தவர்கள்

ஆப்போடு ஒரு கோப்பு இருக்கும். யார் யார் உழைத்தார்கள் என்று அதில் பெயர் எழுதுவோம். முதல் வாரம் எனக்கு ஒன்பது திருத்தங்கள் வந்தன. ஒன்பதும் அந்தக் கோப்புக்குத்தான், எல்லாரும் அவரவர் பெயரைச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். ஒரு திருத்தத்தை நான் ஏற்றுக்கொண்டால் அனுப்பியவருக்குப் புள்ளி கிடைக்கும். நிறையப் புள்ளி சேர்ந்தால் டி-ஷர்ட். அனிர்பன் தன் பெயரை மேலே வைத்து அனுப்புவான். ரித்விக் அதைக் கீழே தள்ளித் தன் பெயரை மேலே ஏற்றுவான். எங்கள் ஊரில் தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு அடித்துச் சுவர் பிடிப்பார்கள், சின்னம் பிறகுதான் வரும். இதுவும் அதே போர்தான். மூன்று நாள் நடந்தது.

கடைசியில் அனிர்பன் எனக்கு போன் செய்தான். அவன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. என்னைவிடப் பெரியவன்தான், ஆனாலும் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். நிஜமாகவே அழுகிற நிலைமை.

"தீதி, அவன் பேரு என் பேருக்கு மேல இருந்தா, நான் செஞ்ச வேலைக்கு என்ன மரியாதை?"

"நீ என்ன வேலை செஞ்ச?"

"பேரு போட்டேன்ல!"

லாஞ்சுக்கு ஜன்னல் சீட்

தேப்ஜித் நானூறு வரி நிரல் அனுப்பினான். ஒரே ராத்திரியில் ஒருத்தன் நானூறு வரி எழுதினானே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, ஓட்டிப் பார்க்கிற வரைக்கும். ஹவுராவிலிருந்து பாபுகாட் போகிற லாஞ்சுக்கு கேட் நம்பர் வந்தது. ஜன்னல் சீட்டா, நடு சீட்டா என்று கேட்டது. கைப்பை எத்தனை கிலோ என்று கேட்டது. நடுவில் ஒரு வரி: 'நிச்சயமாக! நீங்கள் கேட்ட விமான நிலைய நிரல் இதோ.' ஏஐ மெஷினிடம் கேட்டு, வந்ததை அப்படியே ஒட்டியிருக்கிறான். நீ இதை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்டேன். அவனுக்கு என் மேல்தான் வருத்தம்.

"ஓட்டிப் பார்க்கணும்னு நீங்க இஷ்யூவில எழுதலையே தீதி. எழுதியிருந்தா அதையும் அதுகிட்டயே சொல்லியிருப்பேனே!"

நிலுவையில் உள்ள வழக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலிங் பெல் அடித்தது. வெளியே வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர். ஒரு கையில் சந்தேஷ் இனிப்பு டப்பா, இன்னொரு கையில் நீளத் தாளில் டைப் அடித்த மனு. அவர் மகன் அர்ணப் என் பதினோரு பேரில் ஒருத்தன், எங்கள் பேட்டைதான், இரண்டு சந்து தள்ளி வீடு. அப்பா அலிப்பூர் கோர்ட்டில் வக்கீல். மகன் அனுப்பிய திருத்தம் பதினான்கு நாளாக என்னிடம் நிலுவையில் இருக்கிறதாம். அவனுக்கு மன உளைச்சல். மனுவில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதியிருந்தார். "எங்க கோர்ட்ல பதினாலு வருஷம்கூட ஆகும், அது வேற. உங்க கோர்ட்ல ஒரு கிளிக்தானாமே மா?" என்றார்.

அர்ணப் செய்த திருத்தம் இதுதான். படகு ஆப் என்பதால் பின்னணி முழுக்க நீலம், எழுத்தும் அதே நீலம். திறந்தால் ஒன்றும் தெரியாது. நான் போனைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். "தண்ணி நீலம்தானே?" என்றார். ஹூக்ளியைப் பார்த்திருக்கிறீர்களா, பால் ஊற்றின டீ மாதிரி இருக்கும் என்றேன். இந்த இடத்தில் அம்மா எனக்குத் துணைக்கு வந்திருக்க வேண்டும். அம்மா அதற்குள் டப்பாவைத் திறந்துவிட்டாள்.

"ஒரு பட்டன்தானேடி? மனுஷன் வெல்ல சந்தேஷா பார்த்து வாங்கிட்டு வந்திருக்கார். அமுக்கிவிட்டுடேன்."

நிற்க நிற்கத் தூரம் போன லாஞ்ச்

பட்டனை நான் அமுக்கவில்லை. அடுத்த வாரம் அமுக்கினேன், அதுவும் வேறு ஒருத்தனுக்காக. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. திட்டம் முடிய இரண்டே வாரம் இருந்தது, அப்பாவிடம் காட்ட ஓர் ஆள்கூட இல்லை. சோஹம் என்கிற பையன் அந்த மைனஸ் கோளாறைச் சரிசெய்துவிட்டதாக ஒரே வரி அனுப்பினான். அழகான, சின்ன வரி. சந்தோஷத்தில் நானும் ஓட்டிப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டேன். தேப்ஜித்துக்கு அத்தனை உபதேசம் செய்தவள்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவுக்கு ஆபீஸில் ஏதோ கூடுதல் வேலை. சனிக்கிழமைகளில் கடைசி லாஞ்ச் ஐந்து மணிக்கே போய்விடும், அது ஆப்பின் அட்டவணையில் உண்டு, வழக்கமாக அன்று லீவில் இருக்கும் அவருக்குத்தான் தெரியாது. அப்பா ஐந்தே முக்காலுக்கு ஹவுரா படகுத் துறையில் ஆப்பைத் திறந்தார். நாற்பத்தைந்து நிமிஷம் என்றது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். ஐம்பத்தைந்து. டிக்கெட் கவுன்ட்டர் மூடியிருந்தது. ஆளும் டீக்குப் போயிருப்பார் என்று நினைத்தாராம். துறையில் கூட்டமே இல்லை, இன்று உட்கார இடம் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டாராம். எழுபது நிமிஷம் என்று காட்டியபோது எனக்கு போன் செய்தார். "ஏம்மா, நான் நிக்க நிக்க லாஞ்ச் தூரமா போய்க்கிட்டே இருக்கு. இறங்கி நீந்தி வந்துடட்டுமா?"

சோஹம் செய்தது இதுதான்: எண்ணுக்கு முன்னால் இருந்த மைனஸ் குறியை மட்டும் எடுத்துவிட்டான். லாஞ்ச் போய் எழுபது நிமிஷம் ஆயிற்று என்பது, லாஞ்ச் வர எழுபது நிமிஷம் என்று ஆகிவிட்டது. கூப்பிட்டுக் கத்தினேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"மைனஸ் வருதுன்னுதானே கம்ப்ளெயின்ட்? இப்ப வரலையே, தீதி?"

வீட்டில் பிரச்சினையா?

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்பா "பி.காம்ல அக்கவுன்டன்சி நல்லா இருக்கும்" என்று மட்டும் சொன்னார். நானும் பி.காம்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். அப்போதுதான் பதினோராவது ஆளிடமிருந்து முதல் செய்தி வந்தது. மௌசுமி, ஹவுராக்காரி, பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. அதுவரை எதையும் ஒதுக்கச் சொல்லவில்லை, பெயரும் போடவில்லை. இருக்கிறாளா என்றே எனக்குத் தெரியாது. ஒரு நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். நாலு நாள் துறையில் நின்று, லாஞ்ச் நிஜமாக எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று குறித்திருக்கிறாள். கீழே ஒரு கேள்வி: 'விடுமுறை நாளில் எது கடைசி லாஞ்ச் என்று ஆப்புக்கு எப்படித் தெரியும்? விடுமுறை என்று யார் அதற்குச் சொல்வார்கள்?'

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் எழுதினேன், வா, பார்க்கலாம் என்றேன். மறுநாளிலிருந்து ஒரு வாரம் இரண்டு பேரும் துறையில் உட்கார்ந்தோம். விடுமுறை நாளில் அட்டையில் எழுதி கவுன்ட்டரில் தொங்கவிடுகிறார்கள். அதை யாராவது பார்த்து ஆப்பில் போட்டால்தான் உண்டு, வேறு வழியில்லை என்று கண்டுபிடித்தோம். அட்டையைப் பார்க்கிற பயணியே ஒரு தட்டுத் தட்டிச் சொல்லும்படி அவள் எழுதினாள். ஆறு தடவை திருப்பி அனுப்பினேன், ஏன் என்று காரணம் எழுதி. ஆறு தடவையும் திருத்தி அனுப்பினாள். ஏழாவது தடவை நானே துறைக்குப் போய், ஓட்டிப் பார்த்து ஏற்றுக்கொண்டேன். கடைசி லாஞ்ச் போய்விட்டால் இப்போது எண்ணே வராது. 'இன்னைக்கு அவ்வளவுதான். பஸ்ஸைப் பிடிங்க' என்று பெங்காலியில் வரும்.

டிக்கெட் கவுன்ட்டர்காரர் அந்த வாரம் முழுக்க எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். கடைசி நாள் வெளியே வந்து, எந்த ஆபீஸ் என்று விசாரித்தார். ஆபீஸ் இல்லை என்றோம். சம்பளம்? இல்லை. பரீட்சைக்கா? இல்லை. நேரம் குறித்த நோட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லுங்க மா. ரெண்டு பேருக்கும் வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

ஸ்பீக்கரில் அப்பா

திட்டம் முடிந்த அன்று, இதோ ஒருத்தி என்று மௌசுமியின் பெயரை அப்பாவிடம் சொன்னேன். ரயில்வேக்காரர், சும்மா நம்பிவிடுவாரா? போன் போடு, நானே கேட்கிறேன் என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். இவளிடம் முன்கூட்டியே ஏதாவது சொல்லி வைத்திருக்கக் கூடாதா என்று அப்போதுதான் தோன்றியது. அப்பா தன்னுடைய ஆபீஸ் பெங்காலியில் கேட்டார்: "என் பொண்ணு உனக்கு என்ன கத்துக் கொடுத்தா?"

"ஒண்ணும் கத்துத் தரல, காக்கு" என்றாள் மௌசுமி. "நாலு சந்தேகம் கேட்டேன். மூணுக்குத் 'தெரியலை, வா பார்க்கலாம்'னு சொன்னா. போய்ப் பார்த்தோம்." நாலாவது என்ன ஆச்சு என்றார் அப்பா. "அதுக்குத் தெரியும்னு சொன்னா. அது தப்பு."

போனைப் பிடுங்கி ஆற்றில் எறியலாம் போல இருந்தது. அப்பா நன்றி சொல்லி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவருகே நின்றாள். கல்லூரிக்கு என்ன பஸ் என்று நான் மனதுக்குள் யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

"முப்பது வருஷ சர்வீஸ். எனக்கு மேல இருந்தவன் ஒருத்தன்கூட 'தெரியலை, வா பார்க்கலாம்'னு என்கிட்ட சொன்னதில்ல. எடுத்துக்கோ, ஒரு வருஷம்."

தெரியலை என்று சொன்னதற்காகப் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நின்றவள் நான், அதே பதிலுக்கு எங்கள் வீட்டில் முழுசாக ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார்கள்.